வெயில் தோலுக்குச் செய்வது என்ன? குளச்சல் பகுதிச் சகோதரிக்கு ஒரு தோல் மருத்துவரின் பதில்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 42 வயது. குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் 20 ஆண்டுகளாக நெத்தோலிக் கருவாடு காயப்போட்டு விற்று வருகிறேன். ஐந்து ஆண்டுகளாக இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் கருமை படர்ந்திருக்கிறது. மெடிக்கலில் சொல்லி ஒரு கிரீம் வாங்கிப் பூசினேன். மூன்று வாரத்தில் நன்றாக வெளுத்தது; நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாக வந்துவிட்டது. மறுபடி பூசினால் குறைகிறது, விட்டால் வருகிறது. இப்போது வெயில் பட்டாலே முகம் எரிகிறது. என் வீட்டுக்காரருக்கு 51 வயது, வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். அவருடைய பிடரித் தோல் தடித்து வரிவரியாக வெட்டியதுபோல் இருக்கிறது. ஒரு கண்ணில் சதை வளர்கிறது. கீழுதட்டில் ஒரு பொருக்கு நான்கு மாதமாக ஆறவில்லை. கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது, தேங்காயெண்ணெய் தேய்த்தால் போதும் என்கிறார் மாமியார். நர்சிங் படிக்கும் மகள் சன்ஸ்கிரீன் பூசச் சொல்கிறாள். பிறந்தது முதல் படுகிற வெயில்தானே, இப்போது மட்டும் ஏன் இப்படி?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முகத்தைப் பற்றித்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கும் உங்கள் கணவரின் உதட்டுப் பொருக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் காத்திருக்க முடியாத செய்தி அது ஒன்றுதான். கீழுதடு வானத்தைப் பார்த்து அமைந்திருக்கும் உறுப்பு. மேலுதட்டை விட அதன்மேல் வெயில் நேராக விழுகிறது. உதட்டில் நிறமியும் குறைவு, மேல்தோலும் மெல்லியது. பல ஆண்டுகள் கடல்வெயில் பட்டவர்களின் கீழுதடு முதலில் காய்ந்து, செதில் விட்டு, பின்பு ஓரத்து வரை அழிந்து மங்கிப்போகும். அந்த நிலையில் ஓர் இடம் மட்டும் வெடித்துப் பொருக்குக் கட்டி வாரக்கணக்கில் ஆறாமல் நின்றால், அது புற்றாக மாறத் தொடங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். பீடியோ புகையிலையோ பழக்கம் இருந்தால் ஐயம் இன்னும் கூடுகிறது. மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது சில நிமிட வேலைதான். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு இந்த வாரமே அவரை அழைத்துச் செல்லுங்கள். சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால் நிம்மதி. ஏதாவது இருந்தாலும் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் உதட்டுப் புற்றை முழுமையாகக் குணப்படுத்த நல்ல வாய்ப்பு உண்டு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிறந்தது முதல் படுகிற வெயில் இப்போது ஏன் இப்படிச் செய்கிறது என்று கேட்கிறீர்கள். பிறந்தது முதல் பட்டதால்தான் இப்போது தெரிகிறது. வெயில் ஒரே நாளில் தோலைக் கெடுப்பதில்லை. ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதாகக் கெடுத்து, அதில் பெரும்பகுதியைத் தோல் அன்றன்றே சரிசெய்துவிட, சரிசெய்யாமல் விட்ட மிச்சம் மட்டும் தோலிலேயே தங்கிச் சேருகிறது. அந்த மிச்சம் வெளியே தெரிய இருபது, முப்பது ஆண்டுகள் ஆகின்றன.

இது உங்களுக்குப் புதிதாகத் தோன்றாது என்று நினைக்கிறேன். நைலான் வலையை வெயிலில் நிரந்தரமாகப் போட்டு வைக்கக்கூடாது, மூடியோ நிழலிலோ வைக்கவேண்டும் என்பதை உங்கள் வீட்டில் எல்லோரும் அறிவார்கள். ஒரு நாள் வெயிலில் கிடந்த வலைக்கு ஒன்றும் ஆகாது. பல மாதம் கிடந்த வலையைக் கையில் எடுத்து இழுத்தால் நூல் மொடமொடவென்று அறுந்துபோகும். தோலின் உள்ளடுக்கும் ஒருவகையில் வலைதான். கொலாஜன் என்னும் புரத நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அதற்கு உறுதியைக் கொடுக்கின்றன. எலாஸ்டின் என்னும் இழைகள் இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் துள்ளலைக் கொடுக்கின்றன. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் பட்டதும், கொலாஜனை அறுக்கும் நொதிகளைத் தோலே சில மணி நேரத்திற்குள் சுரக்கத் தொடங்குகிறது. இதற்குத் தோல் சிவந்து எரியும் அளவுக்கு வெயில் தேவையில்லை. ஒன்றும் செய்யாத வெயில் என்று நாம் நினைக்கும் அளவே போதும். அறுந்ததைத் தோல் ஒட்டுப்போடும், ஆனால் பழைய பின்னலைப்போல் அமையாது. எலாஸ்டின் இழைகளோ உருக்குலைந்து, கட்டி கட்டியாகத் திரண்டு, பயனற்ற குவியலாக உள்ளே தங்கிவிடுகின்றன. தோலிலுள்ள கொலாஜனில் பாதி புதிதாக மாறுவதற்கே ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும் என்பதால், ஒருமுறை கெட்ட வலை சீக்கிரம் புதுப்பிக்கப்படுவதும் இல்லை.

உங்கள் கணவரின் பிடரியில் நீங்கள் பார்ப்பது இதைத்தான். கடலோடிகளிடமும் வயல்வேலை செய்வோரிடமும் நான் அடிக்கடி காணும் தோற்றம் அது: தோல் காய்ந்த தோல்வாரைப்போல் தடித்து, குறுக்கும் நெடுக்குமாக ஆழ்ந்த கோடுகள் ஓடி, சாய்சதுரங்களாக வெட்டியதுபோல் இருக்கும். கழுத்தைச் சற்று முன்னே குனியச் சொல்லி அந்தக் கோடுகளை விரித்துப் பாருங்கள். கோட்டின் அடியில் வெயில் எட்டாத இடம் மட்டும் மென்மையாகவும் வெளிறியும் இருப்பது தெரியும். அதே மனிதரின் அதே தோல்தான், இடையே ஒரு நூலளவு நிழல் மட்டுமே வித்தியாசம். நீங்களும் உங்கள் கையை வைத்து இதைச் சோதிக்கலாம். ரவிக்கைக் கைக்குள் மறைந்திருக்கும் மேற்கையின் உட்பக்கத்தையும், முன்கையின் வெளிப்பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வயது செய்தது எவ்வளவு, வெயில் செய்தது எவ்வளவு என்பது பிரிந்து தெரியும். இரண்டுக்கும் வயது 42தான்.

அமெரிக்காவில் 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய, 69 வயதான ஒருவரின் முகப்படம் 2012-இல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். சன்னல் பக்கமாக இருந்த அவருடைய இடது கன்னம் மடிப்பு மடிப்பாகத் தொங்க, வலது கன்னம் பல ஆண்டுகள் இளமையாக இருந்தது. நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால், நீண்ட காலம் வண்டி ஓட்டுபவர்களின் வலது கன்னத்தையும் வலது முன்கையையும் நான் கவனித்துப் பார்ப்பது வழக்கம். இதற்குக் காரணம், தரைக்கு வரும் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 95 விழுக்காடு ‘ஏ’ வகை. அது சாதாரணக் கண்ணாடியைக் கடந்து வரும், தோலின் உள்ளடுக்கு வரை இறங்கும், எரிச்சலே தராமல் வலையை அறுக்கும். மீதியுள்ள ‘பி’ வகை பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடுகிறது; எரிச்சலும் சிவப்பும் அதனால் வருபவை. உயிரணுக்களின் மரபணு இழையில் அடுத்தடுத்த எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் புற்றுக்கு வழிவகுப்பதிலும் அதன் பங்குதான் பெரிது.

வெயிலின் கொடுமையைச் சூட்டை வைத்து அளக்கும் பழக்கம் நம் மாவட்டத்தில் மிகவும் ஏமாற்றும். மதுரையிலோ திருநெல்வேலியிலோ சுடுகிற அளவுக்கு இங்கே சுடுவதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று, கடல்காற்று, இரண்டு பருவமழை, எங்கும் தென்னையும் வாழையும் ரப்பரும் என்று உடம்புக்கு இதமான ஊர் இது. ஆனால் சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. காற்று சூட்டைத் தணிக்கும், கதிரைத் தடுக்காது. மெல்லிய மேகமும் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். கதிரின் அளவைத் தீர்மானிப்பது சூரியன் வானத்தில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான். கன்னியாகுமரி ஏறத்தாழ வடக்கு 8 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு அருகில் இருப்பதால், ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் நண்பகலில் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அன்று முற்றத்தில் ஒரு கம்பை நட்டால் நிழல் அதன் அடியிலேயே அடங்கிவிடும். டிசம்பர் மாத நண்பகலில்கூடச் சூரியன் 58 பாகை உயரத்தில் இருக்கிறது. ஆகவே தோலுக்கு ஓய்வு தரும் குளிர்காலம் என்று நமக்கு ஒன்று இல்லை. இன்னொரு செய்தி: இந்திய நேரம் நமக்குக் கிழக்கே உள்ள தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அன்று, ஏறத்தாழ 12.20க்கு. ஒரு நாளின் புற ஊதாக் கதிரில் பாதிக்கு மேல், உச்சிக்கு முன்னும் பின்னுமாக இரண்டிரண்டு மணி நேரத்தில் விழுந்துவிடுகிறது. கடிகாரம் இல்லாவிட்டால் உங்கள் நிழலைப் பாருங்கள்; அது உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் தோலை மறைத்துக்கொள்ள வேண்டிய நேரம்.

கடற்கரையில் தண்ணீரிலிருந்து எதிரொளிக்கும் வெயில்தான் கெடுக்கிறது என்று பலர் சொல்வார்கள். அதில் ஓரளவே உண்மை. காய்ந்த மணல் ஏறத்தாழ 15 விழுக்காடும் அலைநுரை 25 விழுக்காடும் எதிரொளிக்கின்றன. அமைதியான நீர் அதைவிடக் குறைவு. கடற்கரையின் உண்மையான தொல்லை, மரமோ கட்டடமோ மறைக்காத முழு வானம். வானமெங்கும் சிதறி வரும் கதிர், சூரியன் நேராகப் படாத பக்கத்திலும் தோலை வந்து தொடுகிறது. அதனால்தான் கருவாட்டுக் களத்தில் ஒரு குடையை மட்டும் நட்டு அதன்கீழ் உட்கார்ந்தால் பாதிப் பாதுகாப்பே கிடைக்கிறது.

கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் நிறமி உண்மையிலேயே அற்புதமான காவல். மேல்தோலின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் மெலனின் துகள்கள், மரபணு இருக்கும் உட்கருவின் மேல், வெயில் வரும் பக்கமாகப் பார்த்துக் குடைபோல் குவிந்து நிற்கும். மிகக் கறுத்த மேல்தோல் தானாகவே ஏறத்தாழ 13 மடங்கு பாதுகாப்புத் தருவதாகவும், வெள்ளையரின் தோல் 3 மடங்கு மட்டுமே தருவதாகவும் அளந்திருக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் இரண்டுக்கும் இடையில் இருக்கிறோம். நம்மிடம் தோல் புற்று வெள்ளையரைவிட மிகக் குறைவாக இருப்பதும், சுருக்கம் தாமதமாக விழுவதும் இதனால்தான். ஆனால் அந்தக் காவலுக்கு ஒரு விலை உண்டு. நிறமி செய்யும் உயிரணுக்கள் வெயில் தூண்டும்போதெல்லாம் வேலை செய்கின்றன. சில இடங்களில் வேலையை நிறுத்தவே மறந்துவிடுகின்றன. வெள்ளையருக்கு வெயில் மூப்பு சுருக்கமாக வருகிறது, நமக்கு அது முதலில் கறையாக வருகிறது. உங்கள் கணவருக்கு வந்திருப்பதைப் பார்த்தால், போதுமான ஆண்டுகள் கடந்தபின் நம் தோலும் முழுக்க விலக்குப் பெறுவதில்லை என்பது விளங்கும்.

உங்கள் கன்னத்துக் கருமை, நீங்கள் விவரிக்கும் இடத்தையும் வயதையும் வைத்துப் பார்த்தால், மங்கு என்று நாம் சொல்வதாக இருக்கும். இதைத் தேமல் என்று நினைத்துப் பூஞ்சை மருந்து பூசுபவர்கள் உண்டு, அது வேறு. மங்குக்கு வெயில் மட்டும் காரணம் இல்லை. கருவுறுதல், கருத்தடை மாத்திரை, குடும்ப வாகு ஆகியவை அடித்தளம் போடுகின்றன; வெயில் அதை வெளியே கொண்டுவந்து நிலைநிறுத்துகிறது. நம் நிறத்துத் தோலில், கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளிகூட மங்கைக் கறுக்கச் செய்யும். ஆகையால் மங்குக்கு எந்த மருந்து போட்டாலும், வெயில் காப்பு இல்லாமல் அந்த மருந்தின் பலன் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

அந்த கிரீமைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு வருத்தமும் கோபமும் வருகிறது, உங்கள்மேல் இல்லை. மூன்று வாரத்தில் வெளுக்கும், விட்டால் கூடுதலாக வரும், பிறகு வெயில் பட்டாலே எரியும் என்ற வரிசையை நான் வாரந்தோறும் கேட்கிறேன். இப்படிப்பட்ட களிம்புகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும், அதோடு கருமையை வெளுக்கும் ஹைட்ரோகுயினோனும் மேல்தோலை உரிக்கும் டிரெட்டினாயினும் கலந்திருக்கும். மருத்துவர் பார்வையில் சில வாரம் மட்டும் பயன்படுத்தவேண்டிய மருந்து அது, முகப்பூச்சு அன்று. மாதக்கணக்கில் பூசினால் தோல் காகிதம்போல் மெலிந்து, சிவப்பு நரம்புகள் தெரிந்து, பருவும் பூனைமுடியும் வளர்ந்து, வெயிலைத் தாங்கும் திறனே போய்விடும். ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் அரசு விதியை இறுக்கியது. இருந்தும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறார்கள். பெயர் தெரியாத வெளுப்புக் கிரீம்களின் பக்கமும் போகாதீர்கள். 2023-இல் பக்கத்திலுள்ள கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், பாதரசம் கலந்த அப்படிப்பட்ட கிரீம்களைப் பூசிய பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது தெரியவந்தது. உங்கள் கருமை ஒரு கறை, ஒரு பாதிப்பு. உங்கள் நிறம் பாதிப்பு அன்று. கறையை ஆற்றுவதுதான் என் வேலை, நிறத்தை மாற்றுவது அன்று. கிரீமை நிறுத்தியதும் சில வாரங்கள் சிவப்பும் எரிச்சலும் கூடலாம். அதற்குப் பயந்து மறுபடி அதையே பூசிவிடாமல், அந்த நாட்களைக் கடக்க வேறு மருந்து தருவதற்காக மருத்துவரிடம் வாருங்கள். மங்குக்கு அசலாயிக் அமிலம் முதலான பாதுகாப்பான மருந்துகள் உண்டு, ஆனால் அவை வேலை செய்ய வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகும்.

பாதுகாப்பைப் பற்றி மகளிடமும் மாமியாரிடமும் சேர்த்தே சொல்கிறேன். முதலில் துணி, அடுத்து நேரம், அதன் பிறகுதான் பூச்சு. நெத்தோலியைக் காலை எட்டு மணிக்குள் விரித்துவிட்டு, புரட்டும் வேலையைப் பத்து மணிக்கு முன்னும் மூன்று மணிக்குப் பின்னும் வைத்துக்கொள்ள முடியுமானால், வெயிலில் பாதிக்கு மேல் குறைந்துவிடும். நடுவே களத்தில் இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால், முழுக்கைச் சட்டை ஒன்றைச் சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை மெல்லிய பருத்தித் துணி குளிர்ச்சியாக இருந்தாலும் கதிரை நிறைய உள்ளே விடும், நனைந்தால் இன்னும் அதிகமாக விடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மறுபக்கம் தெரியாத நெருக்கமான நெசவும் அடர்ந்த நிறமும் நல்லது. தலையில் துவர்த்து கட்டுவது தலைமுடிக்குப் பாதுகாப்பு, முகத்துக்கு அன்று. நான்கு விரற்கடை அகலம் விளிம்புள்ள ஓலைத்தொப்பியோ பாளைத்தொப்பியோ கன்னத்துக்கும் காதுக்கும் பிடரிக்கும் நிழல் தரும். வள்ளத்தில் காற்றுக்குத் தொப்பி நிற்காது என்பதால், உங்கள் கணவர் தாடையின் கீழ் கயிறு கட்டிக்கொள்ளட்டும், இல்லையேல் துவர்த்தைத் தலையில் மட்டும் சுற்றாமல் பிடரியில் தொங்கவிட்டுக் கட்டட்டும்.

தேங்காயெண்ணெய் காய்ந்த தோலை மெதுவாக்கும், இரவில் தாராளமாகப் பூசலாம். வெயிலைத் தடுப்பதில் அதன் ஆற்றல் மிகச் சொற்பம். எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலுக்குப் போவதை மட்டும் யாரும் செய்யவேண்டாம். அதிலுள்ள பொருளோடு வெயில் சேர்ந்து தோலைக் கொப்புளமாக வேகவைத்து, மாதக்கணக்கில் போகாத கருந்தழும்பை விட்டுச்செல்லும்.

சன்ஸ்கிரீன் விஷயத்தில் உங்கள் மகள் சொல்வது சரி. ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்னும் ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டுகள் பார்த்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. தினமும் தவறாமல் பூசியவர்களுக்கு, தோன்றியபோது பூசியவர்களைவிடத் தோல் மூப்பு 24 விழுக்காடு குறைவாக இருந்தது. அவர்கள் வெள்ளையர் என்றாலும், வலை அறுவது எல்லாத் தோலிலும் ஒரே முறையில்தான். உறையில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். என்னும் வெயில் காப்பு எண் 30 இருந்தால் போதுமானது, அது ‘பி’ கதிரில் 97 விழுக்காட்டைத் தடுக்கும், 50 தடுப்பது 98 விழுக்காட்டை. எண்ணைவிட முக்கியம், உறையில் பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருப்பது. அது ‘ஏ’ கதிருக்கான அடையாளம். உங்களுக்கு மங்கு இருப்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயலுள்ள பூச்சாக வாங்கினால் சாதாரண ஒளியையும் ஓரளவு தடுக்கும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும், வெளியே இறங்குமுன் கால் மணி நேரத்துக்கு முன்பே பூசவேண்டும், வியர்த்தால் இரண்டு மணிக்கொருமுறை மறுபடி பூசவேண்டும். இந்த அளவில் நாளைக்கு இருமுறை பூசினால் 50 கிராம் குழாய் ஒரு மாதத்துக்கு வராது. வீட்டுச் செலவில் அது பாரம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் துணியை முதலில் சொன்னேன். பணம் இருக்கும் மாதத்தில் முகத்துக்கு மட்டுமாவது பூசுங்கள், கையைச் சட்டை பார்த்துக்கொள்ளும்.

இப்படி மறைத்தால் வைட்டமின் டி குறைந்துவிடாதா என்று மகள் கேட்கக்கூடும். உங்களைப்போல் வெளியில் வேலை செய்பவர்களுக்குப் பாதத்திலும் கையிலும் படுகிற மிச்ச வெயிலே கணிசமானது. ஐயம் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்து மாத்திரையால் ஈடுகட்டலாம். அதற்காக முகத்தை வெயிலுக்குக் கொடுக்கவேண்டியதில்லை.

கண்ணில் வளரும் சதையும் வெயிலும் உப்புக்காற்றும் பல ஆண்டு பட்டதன் அடையாளமே. கருவிழியை எட்டுமுன் கண் மருத்துவரிடம் காட்டி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடியைக் கடலுக்குப் போகும்போது அணியட்டும். உங்கள் கணவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. சில மாத்திரைகள், குறிப்பாக ஹைட்ரோகுளோரோதையசைடு, தோலை வெயில் எளிதில் தாக்கும்படி செய்துவிடும். சீட்டைக் கொண்டுவந்தால் பார்த்துச் சொல்வார்கள், தாமாக நிறுத்தவேண்டாம்.

இருவரும் ஒன்றாகவே வாருங்கள், இந்த வாரத்திலேயே கடலுக்குப் போகாத ஒரு நாளாகப் பார்த்து. நீங்கள் இதுவரை பூசிய கிரீம் குழாய்களை, காலியானவற்றையும் சேர்த்து, தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். உறையில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர்களைப் பார்த்தால்தான் உங்கள் தோல் எவ்வளவு ஸ்டீராய்டைப் பார்த்திருக்கிறது என்று கணிக்க முடியும்.